வேன் வருவதற்குள்: பிள்ளைகளின் அன்றாட வழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 16 வருடமாக ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். வீட்டில் எனக்கும் இரண்டு பேர். பெரியவன் எட்டாவது, சின்னவள் மூன்றாவது. பெற்றோர் கூட்டத்தில் "நல்லாப் படிக்கறானுங்களா?" என்று தொடங்கும் பேச்சு, பாதி நேரம் "காலையில எந்திரிக்கவே மாட்டேங்கறானுங்க டீச்சர்" என்றுதான் முடியும். ரேஷன் கடை வரிசையிலும் வேன் நிற்கும் முக்கிலும் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சிலதுக்குப் பதில் நீளம், சிலதுக்கு ஒரு வரிதான்.

வழக்கம் வழக்கம்ங்கறீங்க, அதென்ன டைம்டேபிளா?

டைம்டேபிள் மணியைப் பார்த்து ஓடும். வீட்டு வழக்கம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 6.45 என்றால் ஒன்றும் புரியாது. "பல்லு வெளக்குனதும் பாலு, பாலு குடிச்சதும் குளியல்" என்றால் புரியும். அப்பாரு காலத்தில் தோட்டத்தில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? கோழி கூப்பிட எழுந்தார்கள், பால் கறந்தார்கள், பால் சொசைட்டிக்குப் போனதும் கட்டுத்தரை கூட்டினார்கள், வெயில் ஏறுவதற்குள் காட்டுக்கு ஒரு நடை போய்வந்தார்கள். ஒரு வேலை முடிந்ததே அடுத்த வேலைக்கு மணி அடித்த மாதிரி. பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிபடும். நேரம் பத்து நிமிடம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேயேதான் வந்து நிற்பேன்.

எத்தனை மணிக்கு எழுப்பணுங்க?

எழுப்பும் நேரத்தைக் கேட்பவர்கள் படுக்கும் நேரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கணக்கை அங்கிருந்துதான் போட வேண்டும்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். இதை உங்கள் முக்குக்கு வேன் வரும் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். வேன் 7.20-க்கு என்றால், அவசரமில்லாமல் கிளம்ப 6.15-க்கு எழ வேண்டும். இரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு ஒன்பதரை மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று வைத்தால், 8.45-க்குக் கண் மூடியிருக்க வேண்டும். அப்படியென்றால் எட்டரைக்குப் பாயில் இருக்க வேண்டும், ஏழரைக்குச் சோறு.

இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் சிரிப்பார். "எங்கூட்ல பத்து மணிக்கு முன்னால யாரு படுக்கறாங்க?" சரிதான். ஆனால் பத்து மணிக்குப் படுத்து 6.15-க்கு உலுக்கி எழுப்பப்படும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அதற்குத் தூக்கம் பற்றவில்லை, அவ்வளவுதான். ஒரே நாளில் பத்து மணியை எட்டரைக்குக் கொண்டுவர முடியாது. மூன்று நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னே தள்ளுங்கள். மூன்று வாரத்தில் வந்துவிடும்.

காலையில ஒரே ரகளை. வேன்காரர் ஆரன் அடிச்சுட்டே நிக்கறார். எங்க தப்புன்னே தெரியலைங்க.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பெரியவன் இரண்டாவது படித்தபோது ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 45 நிமிடத்தில் 27 தடவை "சீக்கிரம்" சொல்லியிருக்கிறேன். அவன் காதில் அது மிக்சி சத்தம் மாதிரி ஆகிப்போயிருந்தது.

அடுத்த வாரம் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். எழுவதிலோ குளிப்பதிலோ அவன் தாமதம் செய்யவில்லை. குளித்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தபிறகுதான் நேரம் ஓட்டையில் ஒழுகுகிற மாதிரி ஒழுகியது. சட்டை பீரோவில், டவுசர் மடித்துவைத்த துணிக் குவியலுக்கு அடியில், பெல்ட் கட்டிலுக்குக் கீழே, சாக்ஸ் ஒன்று கொடியில் ஈரமாக, இன்னொன்று எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றையும் தேடிப் போகும் வழியில் ஒரு பல்லி, ஒரு பந்து, டிவியில் ஒரு விளம்பரம். ஈரத் தலையோடு நடு வீட்டில் நின்று பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கதவோரம் போட்டோம். ராத்திரி சாப்பிட்டதும், சட்டை நாற்காலி முதுகில், டவுசரும் பெல்ட்டும் இருக்கையில், கீழே ஷூ, ஷூவுக்குள் சாக்ஸ், பக்கத்தில் பை. அடுக்குவது அவன் வேலை. முதல் பத்து நாள் நானும் கூட நின்றேன். பிறகு நாற்காலியைக் கண்ணால் காட்டினால் போதும் என்றானது. ஒரு ராத்திரி பூனை அந்தச் சட்டைமேல் படுத்துத் தூங்கி, வெள்ளைச் சட்டை முழுக்க முடி. அதற்குப் பிறகு மேலே ஒரு துண்டைப் போர்த்துவது என்று அவனே ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டான்.

"சீக்கிரம்" என்பதற்குப் பதிலாக "அடுத்தது என்ன சாமி?" என்று கேட்கத் தொடங்கினேன். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். "போய் சட்டையப் போடு" என்றால் வரிசை என் தலையில் இருக்கிறது, அவன் கை மட்டும் வேலை செய்கிறது. "அடுத்தது என்ன?" என்றால் அவன் யோசிக்க வேண்டும். முதல் வாரம் திருதிருவென்று விழிப்பான். விழிக்கட்டும். நாமே பதில் சொல்லிவிடாமல் பத்து எண்ணும் வரை காத்திருப்பதுதான் கஷ்டம்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் காலைச் சாப்பாட்டுச் சண்டையையே விட்டுவிடலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. வீட்டில் ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்பினால் போதும். "பள்ளிக்கூடத்துல சாப்புட்டா கௌரவக் கொறச்சல்" என்று ஒரு தாய் சொன்னார். பந்தியில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கும் அவர் மகனை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார், பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தண்ணி வர்ற நாள்ல எல்லாமே கெட்டுப்போகுதுங்களே?

கெடத்தான் செய்யும். குழாயில் தண்ணீர் வரும் அன்றைக்குக் குடமும் டிரம்மும்தான் பெரிது. அந்த நாளுக்கென்று குட்டையாக ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: பல், முகம் கை கால், உடுப்பு, கிளம்பு. குளியல் சாயங்காலத்துக்குப் போகட்டும். "இன்னிக்குத் தண்ணி நாள்" என்று சொன்னதும் எது என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும்.

சார்ட் எழுதி ஒட்டினா நடக்குமா?

கடையில் வாங்கின சார்ட் நான்கு நாளில் சுவரோடு சுவராகிவிடும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிள்ளையே வரைந்தால் நிற்கும். பிரஷ், சொம்பு, சட்டை, தட்டு, பை என்று ஐந்து படம் போதும். ஆறுக்கு மேல் போகவே வேண்டாம். நம் கண் உயரத்தில் இல்லாமல் அதன் கண் உயரத்தில் ஒட்டுங்கள். என் மகள் வரைந்த சொம்பு பூசணிக்காய் மாதிரி இருந்தது. வீட்டில் இன்றைக்கும் குளியலுக்குப் பெயர் பூசணிக்காய்தான்.

21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்ங்கறாங்களே?

அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். மூக்குக்குப் பழகுவதைச் சொன்னது, கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் ஆகிவிட்டது. 'குறைந்தது' என்ற சொல்லும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக வரும் நிலையை அடைய நடுவாக 66 நாள் ஆகும் என்று அதில் கண்டார்கள். ஆளாளுக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அதே ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆக, ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று கையை உதறாதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு வேலையைத் தொடங்கினால் ஆயுத பூஜை வாக்கில் அது பிள்ளையின் சொந்த வேலையாகியிருக்கும். என் அனுபவக் கணக்கு அது.

ரெண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போறோம். ஒன்றரை ஷிப்ட். ஊட்டுக்கு வரவே ஒம்பது. எங்களுக்கு எதுங்க வழக்கம்?

எனக்கு வரும் கேள்விகளில் கனமானது இதுதான். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு மிஷினை விட்டு எழுபவரிடம் "ஏழரைக்குச் சோறு போடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சில வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். லைன் வீடு, ஒரே அறை. கழுத்துக் கயிற்றில் சாவி தொங்கும். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் அவளே பூட்டைத் திறப்பாள். யூனிபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அம்மா காலையிலேயே டிபன் டப்பாவில் போட்டுவைத்த பொரிகடலையைத் தின்பாள். பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு அக்கா வாசலுக்குப் போவாள். தெரு விளக்கு எரியும் வரை எழுத்து வேலை, எரிந்ததும் விளையாட்டு, அக்கா வீட்டில் விசில் வந்ததும் சோறு. கடிகாரம் பார்க்கத் தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தெரு விளக்கும் குக்கரும் போதுமானதாக இருந்தது.

அம்மா வந்தபிறகு நடப்பது ஒன்றே ஒன்று. வாசற்படியில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, நாளைக்கான இரட்டைச் சடையை ராத்திரியே போட்டுவிடுவார். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பள்ளியில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது வரை எல்லாம் வந்துவிடும். "என்னால எதையுமே பாக்க முடியலைங்க டீச்சர்" என்று அழுதார் அந்த அம்மா. காலையில் அந்தப் பெண்ணின் சடை கொஞ்சம் கலைந்துதான் இருக்கும். ஆனால் வகுப்பில் வீட்டுப்பாடம் விட்டுப்போகாத நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி.

இதிலிருந்து நான் எடுத்துச் சொல்வது இவ்வளவு. நடுவில் இருக்கும் வேலைகளைப் பிள்ளையிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பாட்டியிடமும் பிரித்துக் கொடுங்கள், ஆனால் யாரிடம் எது என்பது தினம் மாறக் கூடாது. கடைசி ஒரு வேலையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வைப்பதோ, பாய் விரிப்பதோ, எதுவானாலும் சரி. ஷிப்மெண்ட் நாளில் நேரமாகும் என்றால் சாயங்காலமே பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பிள்ளை காதிலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு ஷிப்மெண்ட், அக்கா கூடவே படுத்துக்கோ கண்ணு, சடை காத்தால போட்டுக்கலாம்." சொல்லாமல் வராமல் இருப்பதுதான் பிள்ளையை விழிக்க வைக்கும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கடைவீதி போய் வரும் ராத்திரியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது அவர்கள் வாரத்தின் நோம்பி, பண்டிகை.

தறிக்குடியில இருக்கறோம். ராத்திரியெல்லாம் தறி ஓடுது. பிள்ள எப்படித் தூங்கும்?

தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொள்கிறார்கள்! ஒரே சீரான சத்தத்துக்குப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கூடத் தொந்தரவு. படுக்கும் பக்கம் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டுங்கள்.

அப்பத்தா செல்லங் குடுத்துக் கெடுக்கறாங்க. நான் ஒண்ணு சொன்னா அவங்க ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு வருடம் நானும் மாமியாரும் இதற்குத்தான் முகம் தூக்கி வைத்துக்கொண்டோம். சோற்று நேரத்துக்கு அரை மணி முன்னால் காப்பியும் பன்னும் கொடுத்துவிடுவார். நான் சோற்று வட்டலை வைத்தால் பிள்ளை வாயைத் திறக்காது. "பச்சப் புள்ளைய ஏன் முடுக்கற?" என்பார். நான் பிள்ளை முன்னாலேயே பதில் சொல்வேன், அது இன்னும் மோசம். யார் பேச்சு ஜெயிக்கும் என்று பார்த்துப் பிள்ளை அந்தப் பக்கம் சாயும்.

திருப்பம் கோழியால் வந்தது. பொழுது விழுந்ததும் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைப்பது மாமியார் வேலை. மகள் மூன்று வயதில் அவர் பின்னாலேயே ஓடுவாள். "இனிமே கோழி அடைக்கறது நீங்க ரெண்டு பேரும்தான் அத்தை, அது முடிஞ்சதும் கை கால் கழுவிட்டு நீங்களே கூட்டியாந்து உக்கார வெச்சுருங்க" என்று சொன்னேன். வரிசையில் அவருக்கென்று ஒரு கண்ணி கிடைத்தது. கோழி அடைந்தால் கை கழுவல், கை கழுவினால் சோறு. பன் எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது. கோழி பொழுதைத் தவறவிடுவதில்லை, அதனால் எங்கள் சோற்று நேரமும் தவறுவதில்லை. மழைக்காலத்தில் சீக்கிரம், கோடையில் கொஞ்சம் நேரமாக.

செல்லம் கொடுக்கவும் ஒரு இடம் வேண்டும், அது பாட்டிமார் உரிமை. பள்ளிவிட்டு வந்ததும் அப்பத்தா கையால் ஒரு கடலை உருண்டை என்று வைத்துவிடுங்கள்.

சோறுண்ணா போன் கேக்குது. குடுக்கலைன்னா உண்ண மாட்டேங்குது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. போன் பார்த்து உண்ணும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, என்ன உண்டோம் என்பதும் தெரியாது. நிறுத்தினால் மூன்று நாள் அழும், இரண்டு வேளை அரை வயிறாக எழுந்துபோகும். அப்போது முறுக்கு, பிஸ்கட் எடுத்து நீட்டாதீர்கள். பசித்தால் அரிசியும் பருப்புஞ் சோறு தானே இறங்கும். பெரியவர்கள் போனும் அதே நேரம் மிக்சி மேல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பள்ளிவிட்டு வந்ததும் வீட்டுப்பாடமா, விளையாட்டா?

தின்பண்டம், விளையாட்டு, பிறகு பாடம். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தது மறுபடி உடனே உட்காராது. இருட்டும் வரை ஓடட்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இருபது நிமிடம் எழுத்து போதும், அதற்கு டியூஷன் வேண்டாம். டியூஷன் நடத்துபவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

மூணு வயசுக்குப் பல்லு வெளக்கறதே போராட்டம்.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழு வயது வாக்கு வரை பெரியவர்கள் ஒரு தடவை தேய்த்துவிட வேண்டும். அது முதலில் தானே தேய்க்கட்டும், பிறகு உங்கள் முறை. "வெளக்கலாமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் வரும். "சேப்பு பிரஷ்ஷா, நீல பிரஷ்ஷா?" என்று கேளுங்கள்.

செஞ்சா காசு, சாக்லெட் குடுக்கலாமுங்களா?

பல் விளக்கக் காசு கொடுத்தால் அடுத்த மாதம் சம்பள உயர்வு கேட்பான். பார்த்ததைச் சொன்னால் போதும்: "நான் சொல்றதுக்கு முன்னாலயே ஷூவை எடுத்து வெச்சுட்டியே."

நோம்பி வந்தா எல்லாம் போயிருதுங்க.

போகட்டும். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால் மஞ்சள் நீராட்டு வரை ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம், கொட்டு, வீடு நிறைய ஒரம்பரை, சொந்தபந்தம். அந்த நேரத்தில் எட்டரைக்குப் பாயைப் போட்டுப் பிள்ளையை அழுத்திப் படுக்கவைத்தால் அது கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழும். ஊரே விழித்திருக்கும்போது பிள்ளை மட்டும் ஏன் தூங்க வேண்டும்?

நான் இரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வேன். எத்தனை மணிக்குப் படுத்தாலும் படுக்கும் முன் பல் விளக்கல், அப்புறம் வழக்கமாகப் படுக்கையில் செய்யும் கடைசி வேலை. எங்கள் வீட்டில் அது முதுகு தேய்த்துவிடுவது. இந்த நுனி கையில் இருந்தால் நோம்பி முடிந்ததும் மீதியை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். திரும்பும்போது "இன்னிக்குச் சீக்கிரம் படு" என்று தொடங்காதீர்கள், தூக்கம் வராது. காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுப்பிவிடுங்கள். முதல் நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரியும், ராத்திரி தானாகச் சாய்ந்துவிடும்.

மே மாசம் அமுச்சி ஊட்டுக்கு அனுப்பறோம். ஜூன்ல திரும்பப் புதுசா ஆரம்பிக்க வேண்டியிருக்குது.

அமுச்சி வீட்டுக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவள் வீட்டுக்கு, அதன் சொந்த வழக்கம் உண்டு. அப்புச்சியோடு வாய்க்காலுக்குப் போய்க் குளிப்பது, மத்தியானம் திண்ணையில் தூங்குவது, பொழுதோடு ஆடு பட்டிக்குத் திரும்புவது. உங்கள் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். பள்ளி திறக்க பத்து நாள் இருக்கும்போது கூட்டிவந்து, எழும் நேரத்தைக் கால் மணி கால் மணியாக முன்னே கொண்டுவாருங்கள்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல படிக்கறான். அங்க அஞ்சு மணிக்கு எந்திரிக்கறவன், ஊட்டுக்கு வந்தா பதினோரு மணி வரைக்கும் தூங்கறான்.

அங்கே எழுந்தது அவன் இல்லை, மணி. மணி இல்லாத வீட்டில் அந்த வழக்கத்துக்குப் பிடிமானம் இல்லை. தவிர, பாக்கித் தூக்கம் வேறு இருக்கும். இரண்டு மூன்று நாள் விட்டுப்பிடியுங்கள். பிறகு அவன் எழுந்தால்தான் நடக்கும் என்கிற மாதிரி வீட்டில் ஒரு வேலையைக் கொடுங்கள். பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டுபோவது நல்ல வேலை.

பதினாலு வயசு. ராத்திரி பன்னெண்டு மணிக்கும் தூங்க மாட்டேங்கறான்.

பாதி அவன் தப்பு இல்லை. பருவ வயதில் தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சுரப்பே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பான். மீதிப் பாதி போன். போனைப் படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜ் போடுவது என்று வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஏற்பாடு வையுங்கள், அப்பா உட்பட. இந்த வயதில் வரிசையை நாம் போட்டுக் கொடுத்தால் எடுபடாது. "எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், நீயே கணக்குப் போட்டுச் சொல்லு, எப்பப் படுத்தா சரிவரும்?" என்று கேளுங்கள். என் பெரியவன் சொன்னது பத்தேகால். நான் பத்து என்றேன். பத்தேகாலில் நின்றுவிட்டோம்.

அப்பா ராத்திரி மோட்டார் போடப் போறார், வாய்க்கால்ல தண்ணி முறை வந்தா ஆளே இருக்கறதில்லை. ஒழுங்கு எப்படி வரும்?

மோட்டார் ஓட்டும் த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரத்துக்குத்தான் விவசாயி எழ முடியும். பிள்ளையின் வரிசையில் அப்பாவுக்கு ராத்திரி வேலை கொடுக்காமல், வேன் ஏற்றிவிடுவதைக் கொடுங்கள்.

எம்பிள்ள நேர்மாறு. கொஞ்சம் மாத்துனாலும் தாங்கறதில்லை.

சின்னப் பிள்ளைகள் பலருக்கும் தட்டு மாறினால் கோபம் வரும், அது வயதோடு போகும். ஆனால் வழி மாறி நடந்தாலே மணிக்கணக்காக அலறுவது, கூடவே பேச்சு வராமல் இருப்பது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது, ஒரே பொருளைச் சுற்றிக்கொண்டே இருப்பது என்று சேர்ந்து வந்தால் "பெருசானா செரியாயிரும்" என்று காத்திருக்க வேண்டாம். தேசிய சிறார் நலத் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் அதன் மருத்துவக் குழு வருகிறது. அவர்களிடம் சொன்னால், வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காசு கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் படவரிசை மற்றவர்களைவிட அதிகம் உதவும். மாற்றம் வரப்போகிறது என்றால் முந்தின நாளே அந்தப் படத்தை மாற்றி ஒட்டிக் காட்டிவிடுங்கள்.

எங்களுக்கே ஒரு ஒழுங்கும் கெடையாதுங்களே டீச்சர்?

அப்படியானால் பிள்ளைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அது பையை எடுத்துவைக்கும்போது நீங்கள் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டுங்கள்.

ஞாயித்துக்கெழமையுமா?

எழும் நேரம் மற்ற நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை உங்களுக்குத்தான் பாடு. மற்றதை அவிழ்த்துவிடலாம். எங்கள் வீட்டில் அன்றைக்கு எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, பாட்டியோடு ஒரு தூக்கம். நாற்காலி மட்டும் ராத்திரி கதவோரம் வந்துவிடும். போன ஞாயிறு ஒரம்பரை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். மகள் கையில் சட்டையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அவர்கள் எழும் வரைக்கும்.